ரிசேவ் காணியில் கொட்டேஜ், கடை, லொறித் தரிப்பு: எந்த அனுமதியை எடுப்பது?

சிம்கோ ஏரிக்கரையிலோ ஹியூரன் ஏரிக்கரையிலோ ஒரு கொட்டேஜ், பக்கத்துக் காணிகளைவிட மிக மலிவான விலையில் விளம்பரத்தில் வருகிறது. இல்லாவிட்டால் நெடுஞ்சாலையோரம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, லொறி நிறுத்தலாம், மாதாமாதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். விசாரித்துப் பார்த்தால் இரண்டும் ரிசேவ் நிலம், அதாவது கனடாவின் பூர்வீகக் குடிகளான முதற்குடி மக்களுக்கென ஒதுக்கிவைத்த நிலம். "அங்கே இருக்கிற ஆளே சம்மதம் சொல்லிவிட்டார், பிறகென்ன?" என்று ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்துத் தமிழர் பலர் கேட்கிறார்கள்.

அந்த ஆளின் சம்மதம் சட்டத்தின் முன் நிற்காது. முதற்குடி மக்களையும் ரிசேவ்களையும் பற்றிய கனடாவின் இந்தியன் சட்டம், 28(1) பிரிவு: ஒரு பாண்டோ (ரிசேவுக்குரிய முதற்குடிச் சமூகம்) அதன் உறுப்பினர் ஒருவரோ, உறுப்பினரல்லாத ஒருவருக்கு ரிசேவில் இருக்கவோ, அதைப் பயன்படுத்தவோ இடம் கொடுப்பதாகச் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. சாட்சி வைத்து, சட்டத்தரணி முன் கைச்சாத்திட்டு, பத்து வருட வாடகையை முன்பணமாகக் கட்டியிருந்தாலும் செல்லாது. அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு அங்கே நிற்பவர் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவர். ஆகவே எது மலிவு என்று பார்ப்பதற்கு முன், எந்தக் கையெழுத்து உங்களை அத்துமீறியவர் என்ற நிலையிலிருந்து வெளியே எடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

## நிலம் யாருடையது

ரிசேவ் நிலத்தின் சட்ட உரித்து அரசரிடம், அதாவது கனடிய மத்திய அரசிடம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பாண்டின் பயனுக்கும் நன்மைக்கும் அரசு அதை வைத்திருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவரிடம்கூட நம் அர்த்தத்தில் காணி உறுதி கிடையாது. அதிகபட்சமாக அவரிடம் இருப்பது உடைமைச் சான்றிதழ்: பாண்ட் கவுன்சில் பகிர்ந்தளித்து, ரிசேவ்களுக்குப் பொறுப்பான மத்திய அமைச்சர் ஒப்புதல் கொடுத்த துண்டுக்கானது. பேச்சில் 'சீ.பீ.' என்பார்கள். அதை அவர் பாண்டுக்கோ, அதே பாண்டின் இன்னொரு உறுப்பினருக்கோ மட்டுமே மாற்றலாம்.

வன்னியில் பெர்மிட் காணி வைத்திருந்த குடும்பங்களுக்கு இது சட்டென்று விளங்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியில் இரண்டு தலைமுறை இருந்திருப்பார்கள். ஆனாலும் அனுமதியில்லாமல் விற்க முடியாது, விற்றாலும் வாங்கியவரிடம் ஒன்றும் இருக்காது. ஒப்புமை அத்தோடு முடிகிறது. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை வரும் என்று இலங்கைத் தனியார் காணிகளில் சொல்லும் கணக்கை ரிசேவுக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கே முப்பது வருடம் குடியிருந்தாலும் அத்துமீறல் உரிமையாக மாறாது.

எல்லை எது என்பதும் கண்ணால் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை. ஹியூரன் ஏரியின் சோபிள் கடற்கரையில் ஒரு பகுதியைப் பொதுக் கடற்கரை என்றும் தனியார் காணி என்றும் எண்ணிப் பல தலைமுறையினர் புழங்கினார்கள். 1854 உடன்படிக்கைப்படி அது சோகீன் முதற்குடியின் ரிசேவைச் சேர்ந்தது என்று ஒன்ராறியோ நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024 டிசம்பரில் அதை உறுதிசெய்தது. வேலி இல்லை, பலகை இல்லை என்பதை ஒரு பதிலாக வைத்திருக்க வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள். எவ்வளவு காலம் வேண்டும்? ஒருவருக்குரிய துண்டா, பாண்டின் பொது நிலமா? நிலத்தில் எவ்வளவு காசைப் புதைக்கப் போகிறீர்கள் (கட்டிடம், கிணறு, தளம்)? வங்கிக்கடன் வேண்டுமா? விலகும்போது எதை எடுத்துக்கொண்டு போக முடியும்?

ஆறாவதாக ஒன்றும் உண்டு. மற்ற ஐந்தையும் அது மாற்றிவிடும். அந்த முதற்குடி இந்தியன் சட்டத்தின் நிலப் பிரிவுகளின் கீழ் இன்னும் இருக்கிறதா, அல்லது தன் சொந்த நிலச் சட்டக்கோவைக்கு மாறிவிட்டதா? மாறியிருந்தால் கீழே சொல்லும் பெர்மிட்டும் அமைச்சர் குத்தகைகளும் பொருந்தாது. நேரே கடைசி வழிக்குப் போங்கள்.

| வழி | யார் கையெழுத்து | காலம் | கட்டிடமும் கடனும் | ஆயத்த நேரம் |
|---|---|---|---|---|
| கைப்பேச்சு ஒப்பந்தம் | உறுப்பினர் மட்டும் | எப்போதும் முடியலாம் | போட்ட காசு பத்திரமில்லை, கடன் இல்லை | ஒரு நாள் |
| 28(2) பெர்மிட் | அமைச்சர் | ஒரு வருடம் வரை. கவுன்சில் சம்மதித்தால் அதைவிடக் கூடுதல் | தற்காலிகமானவை மட்டும் | மாதங்கள் |
| 58(3) குத்தகை | அமைச்சர், உறுப்பினரின் விண்ணப்பத்தில் | நீண்ட காலம் | கட்டலாம், கடன் கடினம் | பல மாதங்கள் |
| வாக்கெடுத்து ஒதுக்கிய நிலத்தில் குத்தகை | அமைச்சர் | 99 வருடம் போன்ற காலங்களும் உண்டு | கட்டலாம், கடன் கிடைக்கும் | ஒதுக்கீடு முடியாவிட்டால் ஒரு வருடத்துக்கும் மேல் |
| நிலச் சட்டக்கோவைக் குத்தகை | முதற்குடியே | கோவை சொல்கிறபடி | கோவை சொல்கிறபடி | இடத்துக்கு இடம் வேறு |

ஒரு நாள் மீன்பிடிக்கப் போவதற்கு இந்த அட்டவணை வேண்டாம். அதைப் பின்னால் பார்க்கலாம்.

## கைப்பேச்சு ஒப்பந்தம்

உறுப்பினரோடு நேரே பேசி முடிக்கும் இதற்குக் கனடாவில் பெயர் 'பக்‌ஷீ லீஸ்'. பட்டாளத்துப் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன நம் பக்கத்து 'பக்‌ஷீஸ்'தான் அது. ஓசியில் கிடைத்தது என்று பொருள். பெயர் மட்டும்தான் ஓசி.

இது பரவலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. சரியான வழியில் போனால் மாதங்கள் ஆகும். உறுப்பினருக்கு இந்த மாதமே வருமானம் வேண்டும். வருகிறவருக்கு அடுத்த வாரமே இடம் வேண்டும். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தால் பல வருடம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடும். உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது மரணம். இடம் தந்தவர் இறந்தால் உடைமை அவருடைய வாரிசுக்கோ பாண்டுக்கோ போகும். அவர்களை உங்கள் கடதாசி கட்டாது. இரண்டாவது கவுன்சில் மாற்றம்: புதிய கவுன்சில் ரிசேவில் யார் யார் எந்த அனுமதியில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கும். மூன்றாவது தீ அல்லது விபத்து. காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது காணியில் உங்களுக்குச் சட்டப்படி என்ன உரிமை என்பதைத்தான், உங்களிடம் அது இல்லை.

வாடகைத் தகராறு வந்தால் இரு பக்கமும் வெறுங்கைதான். நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் செல்லாத ஒப்பந்தத்தை வைத்து வழக்காட வேண்டும். அவர் வெளியேற்றினால் நீங்களும் அப்படித்தான். ஒன்ராறியோவின் வாடகைத் தகராறு மன்றம் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் முடியாது, ஏனெனில் ரிசேவ் நிலத்தை யார் வைத்திருப்பது என்பது மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருகிறது. நிலத்தோடு பிணைத்துக் கட்டியது நிலத்தோடு போகும்.

இந்த வழி சரியாக இருக்கும் சந்தர்ப்பம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இன்னொரு டொலரும் அந்த நிலத்தில் போடாமல், இடம் தந்தவரையும் கூட்டிக்கொண்டு பாண்டின் நிலப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், இதைப் பெர்மிட்டாகவோ 58(3) குத்தகையாகவோ மாற்ற வழியுண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் அவர்களுக்கும் அதுவே விருப்பம்.

## 28(2) பெர்மிட்

28ஆம் பிரிவு ஒரு கையால் மூடியதை மறுகையால் கொஞ்சம் திறக்கிறது. எழுத்து மூலமான பெர்மிட்டால் அமைச்சர் எவருக்கும் ஒரு வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு ரிசேவில் இருக்கவோ அதைப் பயன்படுத்தவோ அனுமதி கொடுக்கலாம். அதைவிட நீண்ட காலத்துக்குக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். சட்டத்தின் எழுத்துப்படி ஒரு வருடப் பெர்மிட்டுக்குக் கவுன்சில் சம்மதம் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் காது கொடுக்காதீர்கள். நடைமுறையில் கவுன்சில் தீர்மானம் இல்லாமல் கோப்பு நகராது. நகர்ந்தாலும், விரும்பாத ஊரில் தொழில் செய்வது எப்படி?

பெர்மிட் உங்களுக்கு நிலத்தில் பங்கு எதையும் தருவதில்லை. ஒரு வேலையைச் செய்ய இடம் தருகிறது, அவ்வளவுதான். வைக்கோல் வெட்ட, மாடு மேய்க்க, கட்டுமான வேலை முடியும்வரை இயந்திரங்கள் நிறுத்த, ஆய்வுக்கு மண் எடுக்க, மின்கம்பி இழுக்க இது சரியான கருவி. பெரிய மின்கம்பிகளும் இதில்தான் நிற்கின்றன: பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒபெச்சசாட் பாண்டின் ரிசேவில் மின்கம்பிக்குக் கொடுத்த, முடிவுத் திகதி குறிக்காத பெர்மிட் செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி முடிவுத் திகதி இல்லாத பெர்மிட் கேட்கலாமே என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு எந்தக் கவுன்சிலின் சட்டத்தரணியும் அந்த வாசகத்தை விட்டுவைக்கமாட்டார்.

லொறித் தரிப்புக்கு இது பொருந்தும், ஆனால் பெர்மிட்டில் எழுதிய வேலையை மட்டுமே செய்யலாம். தரிப்புக்கு எடுத்த இடத்தில் எண்ணெய் மாற்றுவது, பழைய டயர் குவிப்பது, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேடாக்குவது எல்லாம் வெவ்வேறு விஷயங்கள். குப்பையை எரிக்க, சேமிக்க, கொட்ட ரிசேவ் கழிவகற்றல் ஒழுங்குவிதிகளின் கீழ் தனிப் பெர்மிட் வேண்டும். மணல், சரளை, களிமண், மரம், வைக்கோல் எதையும் வெளியே எடுத்துச் செல்ல 93ஆம் பிரிவின் கீழ் தனி எழுத்து அனுமதி வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள்: சுற்றுச்சூழல் மீளாய்வு (ரிசேவ் கூட்டாட்சி நிலம் என்பதால் கூட்டாட்சி விதிகளின் கீழ்), அரசையும் பாண்டையும் சேர்த்துப் பெயரிட்ட பொறுப்புக் காப்புறுதி, முடிவில் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு. கடைசியாகச் சொன்னதுதான் ஆட்களை விழுத்துகிறது. தொடக்கத்தில் மண்ணின் நிலையைப் பரிசோதித்து அறிக்கை வைத்திருக்காவிட்டால், உங்களுக்கு முன் இருந்தவர் கொட்டிய டீசலும் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

## 58(3): உறுப்பினரின் துண்டில் குத்தகை

உடைமைச் சான்றிதழ் உள்ள உறுப்பினர் அமைச்சருக்கு விண்ணப்பிக்கிறார். அமைச்சர் அந்தத் துண்டை அவருடைய நன்மைக்காக உங்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார். வாடகை உறுப்பினருக்குப் போகும். ஆனால் குத்தகை தந்தவர் அரசு. கைப்பேச்சிலிருந்து இதைப் பிரிப்பது இதுதான்: உறுப்பினர் இறந்தாலும் மனம் மாறினாலும் குத்தகை நிற்கும். ஊர் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி நிலத்தை ஒதுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு கொட்டேஜ், ஒரு சின்னக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம் என்ற அளவுக்குப் பல ரிசேவ்களில் நடைமுறைக்கு ஒத்த ஒரே வழி இது.

பொறிகள் இரண்டு. எல்லா ரிசேவ்களிலும் உடைமைச் சான்றிதழ் முறை கிடையாது. வழக்கப்படி குடும்பம் குடும்பமாக நிலத்தைப் பிரித்துவைத்திருக்கும் ஊர்களில், ஊரே ஒப்புக்கொண்ட உடைமையாக இருந்தாலும் 58(3)க்கு வேண்டிய சட்டபூர்வ உடைமையாக அது எண்ணப்படாது. "இது என் தாத்தாவின் காணி" என்பவர் உண்மையே சொல்லலாம், ஆனாலும் அவரால் உங்களுக்கு இந்தக் குத்தகையை வாங்கித் தர முடியாமல் போகலாம். சான்றிதழின் இலக்கத்தைக் கேளுங்கள்.

மற்றது கவுன்சில். இந்தப் பிரிவு கவுன்சிலின் சம்மதத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தண்ணீர், வீதி, குப்பை, தீயணைப்பு எல்லாம் கவுன்சிலிடமிருந்து வர வேண்டியவை. கவுன்சிலோடு சேவை ஒப்பந்தம் இல்லாமல் குத்தகையை மட்டும் முடித்தால், சட்டப்படி உங்களுடைய, தண்ணீர் வராத ஒரு கட்டிடம் உங்களுக்குச் சொந்தமாகும்.

ஏன் அமைச்சு மலிவு வாடகைக்கு ஒப்புக்கொள்ளாது என்று கேட்பவர்கள் கெரின் வழக்கை அறிந்திருக்க வேண்டும். வான்கூவரில் மஸ்குவியம் பாண்டின் நிலத்தை, பாண்டுக்குச் சொன்ன நிபந்தனைகளை விட்டுவிட்டு அதைவிடக் குறைந்த நன்மையான நிபந்தனைகளில் 1958இல் ஒரு கோல்ப் கழகத்துக்கு அரசு குத்தகைக்குக் கொடுத்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அரசு நம்பிக்கைப் பொறுப்பை மீறியது என்று சொல்லி, பாண்டுக்கு 1 கோடி டொலர் நட்டஈட்டை உறுதிப்படுத்தியது. அதன் பிறகு மதிப்பீட்டாளரின் அறிக்கை இல்லாமல் எந்த அதிகாரியும் வாடகையைக் குறித்துக் கையெழுத்திடத் துணியமாட்டார். உறுப்பினரும் நீங்களும் பேசிவைத்த தொகை அந்த அறிக்கைக்கு முன் நிற்காது. மதிப்பீடு, கனடா நில அளவையாளரின் வரைபடம், மண்ணின் முதற்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வு, சட்டத்தரணி எல்லாம் ஆயிரக்கணக்கில் வரும், ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னரே.

## வாக்கெடுத்து ஒதுக்கிய நிலத்தில் குத்தகை

பாண்டின் வாக்காளர்கள் வாக்களித்து, ஒரு பகுதி நிலத்தைக் குத்தகைக்கென ஒதுக்குகிறார்கள். நிலம் ரிசேவாகவே இருக்கும். அந்த ஒதுக்கலின் பேரில் அமைச்சர் 53ஆம் பிரிவின் கீழ் குத்தகை கொடுக்கிறார். 2012இன் திருத்தத்துக்குப் பிறகு வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். அதற்கு முன் வாக்காளர் பட்டியலின் பெரும்பான்மையே பங்குபற்ற வேண்டியிருந்ததால் பல ஒதுக்கல்கள் கிடப்பில் கிடந்தன.

வங்கிக்கடனோடு பெரிதாகக் கட்ட நினைப்பவருக்கு இந்தியன் சட்டத்துக்குள் இதுவே உறுதியான வழி. 1988இல், கம்லூப்ஸ் பாண்டின் தலைவர் மானி ஜூல்ஸ் முன்னின்று உழைத்ததால் வந்த திருத்தம், ஒதுக்கிய நிலத்தின் குத்தகை உரிமையை ஈடு வைக்கலாம் என்று தெளிவாக்கியது. நிலம் ஈட்டில் போகாது. குத்தகையின் மிச்சக் காலம் மட்டும்தான் போகும். அதனால் குத்தகையின் மிச்ச வருடங்கள் கடன் அடையும் வருடங்களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று வங்கி பார்க்கும். 25 வருடக் கடன் வேண்டியவர், 22 வருடம் மிச்சமுள்ள கொட்டேஜ் குத்தகையை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் பயனில்லை. நாளை அவரிடமிருந்து வாங்க வருபவருக்கும் கடன் கிடைக்காது.

வாடகை மீளாய்வு வாசகத்தைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு படிக்க வேண்டும். மஸ்குவியம் நிலத்தில் 1965இல் 99 வருடக் குத்தகை எடுத்தவர்களுக்கு முதல் 30 வருடமும் வாடகை வருடத்துக்குச் சில நூறு டொலர். அதன் பிறகு நிலத்தின் நடப்பு மதிப்பில் 6 வீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 1995 வந்தபோது வான்கூவர் நில விலை எங்கேயோ போய்விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2000ஆம் ஆண்டில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ரிசேவ் என்பதற்காக மதிப்பில் பாதியைக் கழிக்கலாம் என்று முடிந்தது. பாதி கழித்தும் வாடகை வருடத்துக்குப் பல ஆயிரம் டொலர். இந்த விஷயத்தில் பாண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 6 வீதம் என்பது முதல் நாளிலிருந்தே தாளில் இருந்தது. படிக்காமல் வாங்கியவர்களுக்கு அது முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

மற்றச் செலவு: பாண்ட் விதிக்கும் சொத்து வரி. 83ஆம் பிரிவிலும் 2006இல் நடைமுறைக்கு வந்த முதற்குடி நிதி முகாமைத்துவச் சட்டத்திலும் பாண்டுகள் குத்தகை நிலத்துக்கு வரி விதிக்கலாம். ரிசேவில் வரி இல்லை என்ற பேச்சு முதற்குடி உறுப்பினர்களின் 87ஆம் பிரிவு விலக்கைப் பற்றியது. அது உங்களுக்கு ஒட்டாது.

நிலம் இன்னும் ஒதுக்கப்படாத நிலையில் "ஒதுக்கிவிடுவார்கள், முன்பணம் கட்டுங்கள்" என்றால் விலகிக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு தோற்கவும் கூடும்.

## நிலச் சட்டக்கோவை உள்ள இடங்கள்

1996இல் 14 முதற்குடிகள் மத்திய அரசோடு ஒரு சட்டக ஒப்பந்தம் கைச்சாத்திட்டன. அதன்படி தங்கள் நிலச் சட்டக்கோவையைத் தாங்களே வாக்களித்து ஏற்கும் முதற்குடிகளுக்கு இந்தியன் சட்டத்தின் நிலப் பிரிவுகள் பொருந்தாது. 28ஆம் பிரிவு இல்லை, அமைச்சரின் கையெழுத்து இல்லை. இன்று நூற்றுக்கு மேற்பட்ட முதற்குடிகள் இப்படி இயங்குகின்றன. ரொறன்ரோ தமிழருக்கு மிகக் கிட்டிய இரண்டு, இந்த வழியில் முதலில் போனவற்றில் சேர்ந்தவை: சிம்கோ ஏரியின் ஜோர்ஜினா தீவு, போர்ட் பெரிக்குப் பக்கத்து ஸ்கூகொக் தீவு. கிரேட் புளூ ஹெரன் காசினோவுக்குப் போனவர்கள் ஸ்கூகொக் முதற்குடியின் நிலத்தில் நின்றிருக்கிறார்கள். இரண்டின் கோவைகளும் 2000 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தன.

கொட்டேஜ் தேடுபவருக்கு இதுதான் எங்கள் முதல் தேர்வு. பேசுகிற அலுவலகமே முடிவெடுக்கிற அலுவலகம். கோப்பு ஒட்டாவா திசையில் போய்க் காணாமல் போவதில்லை. கோவையும் நிலச் சட்டங்களும் வெளியிடப்பட்டவை, கேட்டு வாங்கிப் படிக்கலாம். குத்தகை முதற்குடி நிலப் பதிவேட்டில் பதிவாகும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரு முதற்குடியின் கோவையைப் படித்துவிட்டு அடுத்ததையும் அறிந்ததாக நினைக்க முடியாது. குத்தகையின் உச்சகாலம், எதற்கு ஊர் வாக்கெடுப்பு வேண்டும், கொட்டேஜை விற்கும்போது யார் சம்மதம், கழிவுநீர்த் தொட்டிக்கு என்ன விதி, எல்லாமே வேறுபடும். அத்துமீறலுக்கான தண்டனையும் அந்தக் கோவையின் கீழ் வந்த சட்டத்தில்தான் இருக்கும், அத்துமீறலுக்கு இந்தியன் சட்டம் சொல்லும் 50 டொலர் தண்டப் பேச்சு அங்கே எடுபடாது. அமலாக்கத்தையும் அவர்களே கையிலெடுக்கிறார்கள்: பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமொக்ஸ் முதற்குடி தன் சட்டத்தை மீறியவர்கள் மீது தானே குற்ற வழக்குத் தொடுத்து நடத்தியிருக்கிறது.

ஜோர்ஜினா தீவில் இன்னொரு செலவு, கரையிலிருந்து தீவுக்குப் போகும் படகுச் சேவை. குளிர்காலத்தில் ஏரி எப்படி உறைகிறது என்பதைப் பொறுத்துத்தான் போக்குவரத்து. கட்டுமானப் பொருள், குழாய் திருத்துபவர், எரிவாயு எல்லாமே தண்ணீரைக் கடந்து வர வேண்டும்.

## ஒரு நாள் போய்வருவதற்கு

ரிசேவ் வழியாகச் செல்லும் பொது வீதியில் போவது, கடையில் பெட்ரோல் அடிப்பது, பொதுமக்களை அழைக்கும் பவ்வாவ் (முதற்குடி மக்களின் ஆடல் பாடல்) விழாவுக்குப் போவது பிரச்சினையில்லை. அதற்கு அப்பால் மீன்பிடி, முகாம், ஏரிக்கரைச் சமையல் என்றால் பாண்ட் அலுவலகத்தில் கேட்க வேண்டும். சில இடங்களில் நாள் அனுமதிச் சீட்டு விற்பார்கள்; சில இடங்களில் வெளியாருக்கு இல்லை. ஒன்ராறியோ மீன்பிடி அனுமதி அட்டை மீனுக்குத்தான், கரைக்கு அல்ல. ஜோர்ஜினாவுக்குப் பக்கத்து ஸ்னேக், பொக்ஸ் தீவுகளும் ரிசேவ்தான். படகில் போய் இறங்கி அடுப்பு மூட்டுவதற்கு முன் அதை நினைவில் வையுங்கள். முதற்குடி நண்பர் கூட்டிப் போனாலும் அவருடைய மீன்பிடி, வேட்டை உரிமை உங்களுக்கு வராது. வீட்டுத் தோட்டத்துக்கு அழகான கல் நாலு பொறுக்கி வருவது 93ஆம் பிரிவில் விழும். ஓவியமோ செதுக்கலோ உள்ள பாறையைத் தொட்டால் 91ஆம் பிரிவு.

## பிடிபட்டால்

இந்தியன் சட்டத்தின் கீழ் உச்ச தண்டனைகள் இவை:

| குற்றம் | பிரிவு | தண்டம் | சிறை |
|---|---|---|---|
| அத்துமீறி நுழைதல் | 30 | 50 டொலர் | 1 மாதம் |
| பாண்ட் துணைவிதியை மீறுதல் | 81 | 1,000 டொலர் | 30 நாள் |
| கல்லறைக் கம்பம், குலமரபுக் கம்பம், பாறை ஓவியம் ஆகியவற்றை எடுத்தல், சிதைத்தல் | 91 | 200 டொலர் | 3 மாதம் |
| மண், மணல், மரம், வைக்கோல் எடுத்தல் | 93 | 500 டொலர் | 3 மாதம் |
| அனுமதியில்லாக் கழிவு | கழிவகற்றல் ஒழுங்குவிதி | 100 டொலர் | 3 மாதம் |

"ஐம்பது டொலர்தானே" என்று சிரிப்பவர்கள் உண்டு. தண்டத்தின் தொகை மிகப் பழையது, நகைப்புக்கிடமானது என்பதை முதற்குடிகளே பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். பலர் சொந்த நிலச் சட்டக்கோவைக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காசு போகிற இடம் வேறு. 93ஆம் பிரிவுக் குற்றத்தில் அதற்குப் பயன்பட்ட பொருட்களைப் பொலிஸ் கைப்பற்ற 103ஆம் பிரிவு இடம் தருகிறது. குற்றம் நிரூபணமானால் அவை பறிமுதலாகவும் கூடும். மணல் ஏற்றிய லொறியின் விலையோடு 500 டொலரை ஒப்பிட்டுப் பாருங்கள். 31ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசின் சட்டமா அதிபர் பாண்டின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம். பாண்டும் நேரே வெளியேற்றக் கட்டளையும் நட்டஈடும் கேட்கலாம். கொட்டிய மண்ணை அள்ளி, பரிசோதித்து, உரிய இடத்துக்கு ஏற்றிச் செல்லும் செலவு அந்த நட்டஈட்டுக்குள் வரும்.

வெளியூர்க் கட்டுமான மண்ணை ரிசேவில் கொட்ட லொறிக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவர்களிடம், கொட்டுமிடத்தின் பெர்மிட் இலக்கத்தைக் கேளுங்கள். அது இல்லாமல் ஒரு லோட் கூட ஏற்றாதீர்கள். ஓட்டுநர் பெயர்தான் சீட்டில் இருக்கும்.

## முன்பணம் கொடுப்பதற்கு முன்

ரிசேவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். அந்த முதற்குடிக்குச் சொந்த நிலச் சட்டக்கோவை உண்டா என்று அவர்களுடைய நிலப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மத்திய அரசின் 'இந்தியன் நிலப் பதிவேட்டில்', இருந்தால் முதற்குடி நிலப் பதிவேட்டில், அந்தத் துண்டின் இலக்கத்தை வைத்துத் தேடச் சொல்லுங்கள்: உடைமைச் சான்றிதழ் யார் பெயரில், நிலம் ஒதுக்கப்பட்டதா, ஏற்கெனவே குத்தகையோ ஈடோ பதிவாகியிருக்கிறதா, எந்தத் திகதியில் முடிகிறது. மாகாணக் காணிப் பதிவகத்தில் தேடிவிட்டு "ஒன்றும் தடையில்லை" என்று சொல்கிற சட்டத்தரணி தவறான இடத்தில் தேடியிருக்கிறார். ரிசேவ் துண்டு அங்கே இருக்காது.

கைமாற்றுக் கொட்டேஜாக இருந்தால் விற்பவரிடம் மூன்று தாள்கள் கேளுங்கள்: பதிவான குத்தகையின் பிரதி, வாடகையும் வரியும் நிலுவையில்லை என்ற கடிதம், கைமாற்றுக்குக் குத்தகை தந்தவர் கொடுத்த எழுத்து மூலச் சம்மதம். மூன்றாவது வரும்வரை முன்பணத்தைச் சட்டத்தரணியின் நம்பிக்கைக் கணக்கிலேயே வைத்திருங்கள்.